பின்னட்டையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கர்நாடக இசை வெளியிடும் சிறிய லேபிள் எங்களுடையது. கேசட் காலத்திலிருந்து சேர்ந்தது சுமார் 300 ஆல்பங்கள். வலைத்தளத்தைப் புதிதாகச் செய்யப்போகிறோம். வருகிறவர்கள் தெரிந்த நாலு பெரிய பெயர்களைத் தேடிக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்ற கலைஞர்களையும் அவர்கள் கண்டுபிடிக்க என்ன செய்யலாம்?

பதில்: டிசைனரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கிடங்கிலிருந்து பழைய சி.டி. ஒன்றை எடுத்து அதன் பின்னட்டையைப் பாருங்கள். பாடியவர், வயலின், மிருதங்கம், கடம், உருப்படிகள் (பாடிய பாடல்கள்), ஒவ்வொன்றுக்கும் ராகம், தாளம், இயற்றியவர், கூடவே பதிவான ஆண்டும் சபாவும் இருக்கும். அதே ஆல்பம் இப்போதைய தளத்தில் எப்படி இருக்கிறது என்று அடுத்துப் பாருங்கள். அட்டைப் படம், பாடகர் பெயர், ஒரு ஸ்பாட்டிஃபை லிங்க், அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வயலின் வாசித்தவர் எங்கே போனார்? கேசட்டிலிருந்து சி.டி.க்கு, சி.டி.யிலிருந்து ஸ்ட்ரீமிங்குக்கு என்று ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் கொஞ்சம் சாமான் வழியில் விழுந்துவிட்டது. ரசிகர் ஒரு கலைஞரிடமிருந்து இன்னொருவரிடம் போவதற்கான பாதை, அப்படி விழுந்துபோன சாமான்களில்தான் இருக்கிறது.

இது இன்றைய பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். இசைத்தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே இருப்பவர்களுக்கு எந்தத் தட்டில் பாடுவது யார் என்று தெரிய வேண்டுமே? அதனால் பாட்டு முடிந்ததும் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று அவரே ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். பாடியவர் பெயரை ஒலிக்குள்ளேயே பொதிந்து அனுப்பியிருக்கிறார்கள். நூற்றிருபது ஆண்டு கழித்து நம்மிடம் இருக்கும் ஃபைலின் பெயர் ‘டிராக் 01’.

சரி, பின்னட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சினிமாப் பாட்டுக்கோ பாப் இசைக்கோ ‘இதைப் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்’ என்ற கணக்கு ஓரளவு வேலை செய்யும். கோடிக்கணக்கான பேர் கேட்பதால் அந்தக் கணக்குக்குத் தீனி இருக்கிறது. உங்கள் தளத்துக்கு நாளைக்கு 200 பேர் வந்தால் அதிகம். அந்த 200 பேரும் அந்த நாலு பெரிய பெயரைத்தான் கேட்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் பழக்கத்தை வைத்துப் பரிந்துரை செய்தால், பரிந்துரையிலும் அதே நாலு பேர்தான் வருவார்கள். அதனால் தானியங்கிப் பரிந்துரைக்குச் செலவு செய்யாதீர்கள். விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

கர்நாடக இசையில் ரசிகர் நகர்வது மனிதர்கள் வழியாக. பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தைக் கேட்க ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி.என்.பி.க்கு வயலின் வாசித்தவர்களில் ஒருவர் லால்குடி ஜெயராமன். லால்குடியின் சிஷ்யை பாம்பே ஜெயஸ்ரீ. இன்னொரு பக்கம், ஜி.என்.பி.யின் சிஷ்யை எம்.எல். வசந்தகுமாரி, அவருடைய சிஷ்யை சுதா ரகுநாதன். எந்தக் கிளையில் போனாலும் இரண்டே கிளிக்கில் 1950களிலிருந்து இன்றைய மேடைக்கு வந்துவிடலாம். இந்தப் பெயர்கள் உங்கள் லேபிளில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்களிடம் இருக்கும் பெயர்களுக்கும் இதே மாதிரி குருவும் சிஷ்யரும் பக்கவாத்தியமும் இருப்பார்கள். சபா கேண்டீனில் இரண்டு மாமாக்கள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? ‘இவர் யார்கிட்ட சொல்லிண்டார்?’ (யாரிடம் கற்றார் என்று அர்த்தம்) ‘மிருதங்கம் யாரு?’ இந்த இரண்டு கேள்விக்கும் கிளிக் செய்தால் பதில் வர வேண்டும். தளத்தின் வடிவமைப்பு என்று நான் சொல்ல வருவதில் முக்கால் பங்கு இவ்வளவுதான்.

ஆகவே முதல் தீர்மானம்: பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம். மிருதங்க வித்வான் பக்கத்தைத் திறந்தால் உங்கள் லேபிளில் அவர் யார் யாருக்கு வாசித்தார் என்று ஆண்டு வரிசையில் வர வேண்டும். பெரிய பாடகருக்கு வாசித்தவரே அடுத்த வாரம் இருபத்திரண்டு வயதுப் பாடகிக்கும் வாசித்திருப்பார். அந்தப் பாடகியின் பெயரைத் தேடி யாரும் வரமாட்டார்கள், சரி. ஆனால் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) கேட்க வந்தவர் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போவார். பெயர் தெரியாத கலைஞரை ரசிகர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது.

ஜாஸ் ரசிகர்களுக்கு இது பழகிய விஷயம். மான்ஃப்ரெட் ஐக்கர் 1969இல் மியூனிக்கில் தொடங்கிய இ.சி.எம். லேபிளில், ஓர் ஆல்பத்தில் தலைவராக இருப்பவர் இன்னொன்றில் பக்கவாத்தியமாக இருப்பார். 1980களில் அவர்கள் வெளியிட்ட வயலின் கலைஞர் எல். சங்கரின் ஆல்பம் ஒன்றில் நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக் வாசித்திருக்கிறார், தபலாவில் ஜாகிர் உசேன். கார்பரெக் பெயரைப் பிடித்துக்கொண்டே போன எத்தனையோ பேர், தேடாமலேயே ஒரு கர்நாடக வயலினிடம் வந்து சேர்ந்திருப்பார்கள்.

நம் இசைக்கே இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் ‘காம்ப்மியூசிக்’ என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கியின் மகாம் இசை உட்பட ஐந்து மரபுகளை எடுத்துக்கொண்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் சேர்ந்து வேலை செய்தது. ‘துன்யா’ என்று அவர்கள் உருவாக்கிய தளத்தில் கலைஞர், ராகம், தாளம், கச்சேரி எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஆய்வாளர்கள் கட்டிய வீடு, அதனால் வரவேற்பறை கொஞ்சம் வறட்சிதான். அஸ்திவாரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி அந்த அஸ்திவாரம். இப்போது உங்கள் எக்செலில் ஓர் ஆல்பத்துக்கு ஒரு வரி இருக்கும். அதை ஓர் உருப்படிக்கு ஒரு வரியாக உடைக்க வேண்டும். அதோடு ‘கலைஞர்’ என்று ஒரே கட்டம் போதாது. யார், எந்தப் பதிவில், என்ன பங்கு என்று மூன்றையும் இணைக்கும் தனி அட்டவணை வேண்டும். ஏனென்றால் ஒரே ஆள் ஒரு பதிவில் வயலின், இன்னொன்றில் வாய்ப்பாட்டு, மூன்றாவதில் ஸ்வர சாகித்யத்தின் ஆசிரியர். 300 ஆல்பம், சராசரியாக எட்டு உருப்படி என்றால் 2,400 வரி. சங்கீதம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து நாளைக்கு ஆறு ஆல்பம் முடித்தால் 50 வேலை நாள். பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்காமல் அனிமேஷனுக்கு ஒதுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலையை இன்டர்ன்களிடம் மட்டும் விடாதீர்கள். பின்னட்டையிலேயே பிழை இருக்கும். ராகம் மாறியிருக்கும், இரண்டு உருப்படி இடம் மாறி அச்சாகியிருக்கும். கேட்டுப் பார்த்துத் திருத்த ஒரு காது வேண்டும். முடித்த பிறகு ‘மியூசிக்பிரெய்ன்ஸ்’ என்ற திறந்த தரவுக் களஞ்சியத்திலும் ஏற்றிவிடுங்கள். அங்கே ஒவ்வொரு கலைஞருக்கும் நிலையான அடையாள எண் கிடைக்கும். உங்களிடம் இருக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்களையும் (பதிவு ஒன்றுக்கு 12 எழுத்து கொண்ட குறியீடு) அதனுடன் சேர்த்துவிட்டால், ஒரே பெயரில் இருக்கும் இரண்டு சுப்ரமணியன்கள் ஒருவராகிவிட மாட்டார்கள்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. தயாராகக் கிடைக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் கடைசிப் பெயரை வைத்து அகரவரிசைப்படுத்தும். அப்படிச் செய்தால் பாதிப் பேர் ‘ஐயர்’, ‘அய்யங்கார்’, ‘பிள்ளை’ என்ற மூன்று மூட்டைக்குள் போய்விடுவார்கள். இனிஷியலை வைத்துச் செய்தால் ‘எம்’ என்ற எழுத்தில் ஒரு பெரும்படை நிற்கும். ரசிகர்களோ ‘அரியக்குடி’, ‘செம்மங்குடி’ என்று ஊரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அல்லது ‘டி.கே.பி.’ (டி.கே. பட்டம்மாள்), ‘எம்.எல்.வி.’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கலைஞருக்கும் காட்டும் பெயர் ஒன்று, வரிசைப்படுத்தும் பெயர் ஒன்று, அதோடு மக்கள் அழைக்கும் பெயர்கள் எத்தனை உண்டோ அத்தனையும் என்று பதிந்து வையுங்கள். தேடல் பெட்டி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்து தேடுகிறவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. யூனிகோடில் ‘ொ’ என்ற குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. இதைச் சீர்படுத்தும் முறை யூனிகோடிலேயே உண்டு, உங்கள் நிரலாளரிடம் சொன்னால் ஒரு வரியில் முடிப்பார். அவரால் அப்படி முடிக்க முடியாதது ‘ௌ’. அதற்குப் பதிலாகப் பலர் கொம்பு போட்டு ‘ள’ அடித்துவிடுகிறார்கள். கௌளை ராகத்தைத் தேடி எத்தனை விதமாக அடிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் ஆங்கில எழுத்தில் தோடியை ஒருவர் ‘எச்’ போட்டு எழுதுவார், ஒருவர் போடாமல் எழுதுவார். சங்கராபரணத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டு உண்டோ அத்தனையும் வரும். ராகங்களுக்கு இப்படி ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியலைக் கையாலேயே தயாரிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு முறைதான்.

ராகத்துக்கும் தனிப் பக்கம் வேண்டும். ராகம் வழியாக வருகிறவர் கலைஞர் பெயரைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை, அது நமக்கு லாபம். கல்யாணி பக்கத்தில் ஐந்து பதிவை வைக்கிறீர்கள் என்றால் முதலில் தெரிந்த பெயர், அடுத்தது தெரியாத பெயர், மூன்றாவது ஒரு நாகஸ்வரமோ வீணையோ என்று அடுக்குங்கள். இந்துஸ்தானி ஆல்பங்களும் உங்களிடம் இருந்தால் ஓர் எச்சரிக்கை: அவர்களுடைய தோடியும் நம் தோடியும் வேறு. அவர்களுடையது நம் சுபபந்துவராளிக்குத்தான் பக்கத்தில் நிற்கும். பெயரை வைத்துத் தானாக இணைத்தால் ரசிகர்கள் உங்களை உட்கார வைத்துப் பாடம் எடுப்பார்கள்.

அடுத்தது ஒலி மாதிரி. இதை யாரும் யோசிப்பதில்லை. விற்பனைத் தளங்கள் தரும் 30 வினாடி மாதிரியைக் கணினி எங்கிருந்தாவது வெட்டியிருக்கும். நீங்களே முதல் 30 வினாடியை வைத்தால் வருவது தம்புராவும், ஒரு தொண்டைக் கனைப்பும்தான். புதிய கலைஞரை அறிமுகப்படுத்த அது போதுமா? ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஒருவர் கேட்டு, ஒன்றரை நிமிடத்தைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுபல்லவியில் (பாட்டின் இரண்டாம் பகுதி) குரல் மேலே போகும் இடமாக இருக்கலாம், நிரவலில் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடும் பகுதி) சூடு பிடிக்கும் இடமாக இருக்கலாம். முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவி என்றால் ஆலாபனை, தானம், பல்லவி, தனி என்று பிளேயரிலேயே குறி வைத்துவிடுங்கள். நேராகத் தனிக்குத் தாவுகிறவர் தாவட்டும், அவரைக் குறை சொல்ல நாம் யார்?

பிளேயர் பக்கம் மாறினாலும் அறுபடாமல் பாடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே வயலின்காரர் பெயரை அழுத்தினால் பாட்டு நின்றுவிடும் என்றால் யாரும் அழுத்த மாட்டார்கள். தளத்தைத் திறந்ததும் தானாகப் பாட ஆரம்பிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். 2018இல் குரோம் அதைத் தடுத்துவிட்டது, அதற்கு முன்பே அது நாகரிகமாக இருந்ததில்லை.

கலைஞர் பக்கத்தில் என்ன எழுதுவது? ‘இசைக் குடும்பத்தில் பிறந்து ஐந்து வயதிலேயே...’ என்று தொடங்கும் குறிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. பெயரை மாற்றிப் போட்டாலும் தெரியாது. அதைக் கீழே தள்ளிவிட்டு, மேலே ஒரே ஓர் உருப்படியைக் கொடுத்து ‘இங்கே தொடங்குங்கள்’ என்று சொல்லுங்கள். ஏன் இது என்று இரண்டு வரி. உதாரணமாக, ‘விளம்ப காலத்தில் இவர் எடுத்துக்கொள்ளும் நிதானத்துக்காக. நாலாவது நிமிடத்தில் வயலின் பதில் சொல்வதைக் கவனியுங்கள்.’ இதை எழுதுகிறவர் பெயரும் அதில் இருக்கட்டும். ஆளின் பெயரோடு வரும் சிபாரிசுக்குத் தனி மதிப்பு உண்டு. இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்துக்குப் பக்கத்தில் அதை வாங்கிய ரசிகர்களின் சிறு படங்கள் வரும். ஒருவரை அழுத்தினால் அவர் சேகரிப்பு முழுவதும் திறக்கும். எனக்குத் தெரிந்து பலர் புதுக் கலைஞர்களைப் பிடித்தது அங்கிருந்துதான்.

முகப்புப் பக்கம் பற்றிச் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லேபிளின் தளத்தை மாற்றும் வேலையில் இருந்தேன். முகப்பில் ‘சிறப்புக் கலைஞர்கள்’ என்று ஆறு படம் சுழல விட்டோம். தளம் திறந்த மறுநாளே தொலைபேசி. ‘என் படம் ஏன் நாலாவது?’ ஒரு மாதத்தில் ஆறு பன்னிரண்டாகி, பன்னிரண்டு இருபதாகி, கடைசியில் சீனியாரிட்டி வரிசையில் வந்து நின்றது. ஒரு ரசிகருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை. பிறகு அதைத் தூக்கிவிட்டு, அடுத்த பத்து நாளில் யாருக்குக் கச்சேரி இருக்கிறதோ அவர்கள் தேதி வரிசையில் என்று மாற்றினோம். வரிசையைத் தீர்மானிப்பது காலண்டர், யாரும் சண்டை போட முடியாது. மார்கழியில் அந்தப் பகுதிதான் தளத்திலேயே அதிகம் பயன்பட்டது. சாயங்காலம் யார் பாடுகிறார் என்று பார்க்க வந்தவர், பெயர் தெரியாத பாடகரின் ஒன்றரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போகலாம். சீசன் இல்லாத மாதங்களில் அந்த இடம் காலியாகும் என்ற பயம் வேண்டாம், அப்போது ‘இந்த வாரத்து ராகம்’ அங்கே உட்காரும்.

விற்காத ஆல்பங்களை நீக்கிவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். மோசஸ் ஆஷ் 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோக்வேஸ் லேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகம் புழங்குவதில்லை என்பதற்காக அகரவரிசையிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துவிடுவார்களா என்று அவர் கேட்பாராம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆல்பங்கள். 1987இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதை வாங்கியபோது, எல்லா ஆல்பமும் என்றும் கிடைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இன்றும் அவர்கள் தளத்தில் பழைய ஆல்பங்களோடு வந்த குறிப்புப் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் கேசட்டுகளுக்குள் இருந்த மடிப்புத் தாள்களையும் ஸ்கேன் செய்து போடுங்கள். எழுத்தாகவும் தட்டச்சு செய்து போட்டால் கூகுள் வழியாக ஆள் வரும். சாகித்யத்தை (பாடல் வரிகளை) முழுவதும் போடும்போது மட்டும் கவனம். தியாகராஜர், தீட்சிதருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், ஆகவே அவர் பாடல்களுக்கு அனுமதி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இதையெல்லாம் ஸ்பாட்டிஃபையிடமோ யூடியூபிடமோ விட்டுவிடலாமே என்று தோன்றும். பாட்டை அங்கே வையுங்கள், தவறில்லை. கலைஞர்களுக்கு இடையிலான உறவுகளை உங்கள் தளத்தில் வையுங்கள். ‘தொடர்புடைய கலைஞர்கள்’ பட்டியலையும் 30 வினாடி மாதிரியையும் வெளித் தளங்கள் எடுத்துப் பயன்படுத்த ஸ்பாட்டிஃபை ஒரு காலத்தில் அனுமதித்தது. 2024 நவம்பரில் புதிய செயலிகளுக்கு அந்தக் கதவை மூடிவிட்டது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் இப்படித்தான்.

தொழில்நுட்பத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பழைய பக்க முகவரிகள் ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். விக்கிப்பீடியாவிலும் ரசிகர்களின் பழைய பதிவுகளிலும் இருக்கும் லிங்க்குகள் உங்களுக்காகப் பத்தாண்டு உழைத்தவை. ஆல்பம், கலைஞர், கச்சேரி மூன்றுக்கும் ஸ்கீமா.ஆர்க் குறிகளைச் (பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிக்குச் சொல்லும் பொதுக் குறியீடுகள்) சேர்த்தால் அதற்குப் புரியும். சாதாரணப் போனில், சபா வாசலில் சிக்னல் குறைவாக இருக்கும்போது திறந்து பாருங்கள்.

கடைசியாக, எதை அளப்பது? மொத்த வருகையைப் பார்க்காதீர்கள், நாலு பெரிய பெயர்கள் அதை எப்போதும் தூக்கிப் பிடித்திருக்கும். ஒருவர் ஒரே வருகையில் இரண்டாவது கலைஞர் ஒருவரைக் கேட்டாரா என்று பாருங்கள். அதோடு ‘முடிவு எதுவும் இல்லை’ என்று வந்த தேடல்களை வாரம் ஒருமுறை அச்சடித்துப் படியுங்கள். நான் வேலை செய்த தளத்தில் அப்படிப் படித்தபோது, ஒரு கடம் வித்வானின் பெயரை யாரோ வெவ்வேறு எழுத்துக்கூட்டில் திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள். அவர் வாசித்த பதினோரு ஆல்பங்கள் எங்களிடம் இருந்தன. ஒன்றிலும் அவர் பெயரை ஏற்றியிருக்கவில்லை.